அம்மனின் உலக்கையும் பெரியம்மாவின் ஊசியும்

எங்கள் பெரியம்மா யார் சொல்லையும் தட்டாதவர். ஊரில் அதை ஒரு நல்ல குணமாகவே சொல்வார்கள். அந்த நல்ல குணம்தான் ஒரு வைகாசி மாதத்து மத்தியானத்தில் அவரைக் கொல்லப் பார்த்தது.

அவர் அம்மாவின் அக்கா. மண்டூர்ப் பக்கத்தில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வளவு. அதற்குள் இரண்டு வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பதால் அக்காவும் தங்கையும் கலியாணம் முடித்த பிறகும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரும் கட்டாரில் வேலை. பெண்பிள்ளை இல்லாத குறைக்கு என்னைப் பாதி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை முடிந்து, ஊருக்குத் தார் ரோட்டு வந்து, கரண்ட் வந்து, அவற்றின் பின்னாலேயே சீனி வருத்தமும், அதாவது நீரிழிவு நோயும், வீடு வீடாக வந்துகொண்டிருந்த காலம் அது.

பெரியம்மாவுக்குக் குளிசை போதாமல் ஊசிக்கு மாற்றினார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவருக்குக் கிட்ட இருப்பது கண்ணுக்கு மங்கல். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கவும், ஊசியில் கோடு பார்த்துச் சொல்லவும் நான் வேண்டும். அதனால் மிஸி பெரியம்மாவுக்குச் சொல்வதெல்லாம் என் காதிலும் விழும். மிஸி என்று நாங்கள் சொல்வது தாதியை. ஊசியை ஒருநாளும் விடக்கூடாது, போட்டு அரைமணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும், கை நடுங்கி வியர்த்துப் பேச்சு மாறினால் உடனே வாயில் சீனியோ இனிப்புத் தண்ணீரோ போக வேண்டும், ஆனால் விழுங்க முடியாத ஆளுக்கு எதையும் ஊற்றக்கூடாது. இவ்வளவையும் அவர் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து, விளங்கினதா என்று கேட்பார். நான் பெரிய டாக்டர் மாதிரித் தலையாட்டுவேன்.

இப்போது நான் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உடம்பு தன்னைத்தானே ஒரே நிலையில் வைத்துக்கொள்வதற்கு ஒருசீர்த்திடநிலை என்று பாடப்புத்தகத்தில் பெயர். அதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முகத்துவாரத்தைப் பற்றிக் கதைப்பேன். மாரியில் வாவி நிரம்பி, வட்டைகள், அதாவது எங்கள் வயல்வெளிகள், மூழ்கப் பார்த்தால் என்ன செய்வார்கள்? முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடுவார்கள். வற்றினால்? மணல் வந்து மூடிக்கொள்ளும். கூடவும் விடாமல் குறையவும் விடாமல் வாவியை வைத்திருக்க ஓர் ஏற்பாடு. இரத்தத்தில் இருக்கும் சீனிக்கும் அப்படித்தான். கூடினால் சதையி, அதாவது கணையம், இன்சுலினை விட்டு இறக்கும். குறைந்தால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நமக்குத் தெரியாமலே இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். சீனி வருத்தக்காரருக்கு இது கெட்டுப்போகிறது. ஊசியால் நாமாக வெட்டிவிட வேண்டியிருக்கிறது. எவ்வளவு வெட்டுவது, எப்போது நிறுத்துவது என்று ஊசிக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கிவிடும். பரீட்சையில் முகத்துவாரம் என்று எழுதிவிட்டு வருவார்கள், அது வேறு கதை.

ஆனால் பெரியம்மாவின் தலைமுறைக்குச் சதையியும் கிடையாது, ஈரலும் கிடையாது. சூடு, குளிர் என்று இரண்டுதான். காய்ச்சல் சூடு, கட்டி சூடு, கோபம் சூடு, அன்னாசிப்பழம் சூடு. சீனி வருத்தமும் சூட்டு வருத்தம்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அம்மாள் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அம்மனே சூட்டுக்காரி. அநியாயத்தைப் பொறுக்காமல் ஓர் ஊரையே எரித்துவிட்டு, கோபம் தணியாமல் எங்கள் பக்கம் வந்து இருந்தவள். வைகாசியில் கோயில் கதவைத் திறந்து, நாள்தோறும் பாடிப் பூசை செய்து, கடைசியில் அவளைக் குளிர வைத்துக் கதவைச் சாத்துவோம். குளிர்த்திச் சடங்கு என்று அதற்குப் பெயர். அவள் குளிர்ந்தால் மழை பெய்யும், அம்மை நோய் வராது.

கடைசி நாள் பொங்கலுக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீதியிலேயே நெல்லைக் குத்த வேண்டும். எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஓர் உரல். குடி என்பது தாய்வழி வருவது. ஆகவே உலக்கையும் பெண்வழிதான். எங்கள் குடியின் உலக்கை பெரியம்மாவிடம் இருந்தது. அதைப் பிடிப்பவள் முந்திய நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. எச்சில் பட்டுவிடாமல் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உரலடிக்குப் போக வேண்டும். குத்தி முடியும்வரை கட்டை அவிழ்க்கக்கூடாது. நடுவில் கைவிட்டவளுக்கு மறுபடி உலக்கை இல்லை. குடியில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அவள் ஆயுளுக்கும் திரும்பி வராது. ஒரேயொரு விலக்குத்தான் உண்டு. குத்தும்போது அவள்மேல் அம்மன் வந்துவிட்டால் குற்றமில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுபடி வாயைக் கட்டி, விட்ட இடத்திலிருந்து குத்தலாம். அப்படி வந்தவளுக்கு அதன்பிறகு ஊரில் இருக்கும் மரியாதையே வேறு.

அடுத்த வீடு என்பது அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவரின் வீடு. எனக்குச் சின்னம்மா முறை. பெரியம்மாவுக்கு ஏதும் நடந்துவிட்டால் என்று அவரும் வருடா வருடம் விரதமிருந்து, குளித்து, வெள்ளைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு உரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். நல்ல மனுஷி. பெரியம்மாவுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வதாக எல்லோரிடமும் சொல்வார்.

ஊசிக்கு மாறிய பிறகு வந்த முதல் சடங்கு அது. வருத்தம் வெளியே தெரிந்தால் உலக்கையைத் தரமாட்டார்கள் என்று பெரியம்மா ஊசிப் பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மட்டுமே தெரியும். வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்று காலையில் அவர் குளித்துவிட்டு வந்து ஊசியை எடுத்தார். அம்மா பதறிப்போய்த் தடுத்தார். ஊசி போடுவதென்றால் சாப்பிட வேண்டும், விரதம் பிடிப்பதென்றால் ஊசியை விட வேண்டும், ரெண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்று கெஞ்சினார்.

பெரியம்மா அசையவில்லை. "மிஸி ஊசிய விட வேணாம் எண்டவ. அம்மாள் வாயக் கட்டச் சொல்லுறா. நான் ஆருட சொல்லத் தட்டுற?"

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கோட்டைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டபோது, வழமையைவிடக் கொஞ்சம் கூட ஏற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அம்மனுக்கு முன்னால் சூட்டு உடம்போடு போய் நிற்கக்கூடாதாம். குளிர்த்திக்கு நெல் குத்துகிறவள் தானும் குளிர்ந்திருக்க வேண்டுமாம். ஊசிதானே உடம்பின் சூட்டை இறக்குகிறது. அவர் கணக்கில் அது மருந்தல்ல, தலை முழுகுவது மாதிரி ஒரு சுத்தம். அவ்வளவு பக்தியோடு யாரும் இன்சுலின் போட்டு நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அம்மா அன்று கோயிலுக்கு வரக்கூடாத நாள். அதனால் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரியம்மாவை விட்டு ஓர் அடியும் நகரக்கூடாது என்று சொல்லி, கடதாசியில் சீனி சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். நான் இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை. கோயிலில் எங்கேயும் நுழையலாம். ஆனால் கோயில் வாசலில் பெரியம்மா என் பையைத் தடவிப் பார்த்துவிட்டார். அம்மனுக்குப் படைக்கமுதல் இனிப்புப் பண்டம் உரலடிக்கு வரக்கூடாது என்று சொல்லி, பொட்டலத்தை வாங்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டார். எறும்புகளுக்கு அன்று நல்ல சடங்கு.

உச்சி வெயிலில் குத்தத் தொடங்கினார்கள். வீதி மணல் சுட்டது. உடுக்குச் சத்தம், பெண்களின் குரவை, உலக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம். பெரியம்மா நன்றாகத்தான் குத்தினார். நிமிர்ந்து, தோளிலிருந்து கையை இறக்கி, மற்றவர்களுக்கும் அவரே தாளம் மாதிரிக் குத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மிஸி சொன்னதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்றுகூட நினைத்தேன்.

பிறகு தாளம் பிசகியது. எல்லோரும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பெரியம்மாவின் சேலை முதுகோடு ஒட்டி, நாடி முனையிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் கிட்டப் போய்க் கையைத் தொட்டேன். அந்த வெயிலில் அந்தக் கை வலையிலிருந்து எடுத்த மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைக் காணவில்லை. வாய்க்கட்டுக்குள்ளிருந்து என் அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அடுத்த குத்து உரலில் விழாமல் மணலில் விழுந்தது. அதற்கடுத்ததும் மணலில். உடம்பு நடுங்கத் தொடங்கியது.

ஈரலின் சேமிப்பும் தீர்ந்து, மூளைக்குச் சீனி போதாமல், உடம்பு தன்னிடமிருந்த எல்லா மணிகளையும் அடித்துக் கூப்பிடுவதுதான் அந்த வியர்வையும் நடுக்கமும் என்று இன்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று அந்த மணிச்சத்தம் ஊர் முழுவதற்கும் கேட்டது. ஆனால் அவர்கள் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள்.

யாரோ ஒரு பெண் நீளக் குரவையிட்டார். அம்மாள் வந்துவிட்டாள் என்ற பேச்சு ஒரு நொடியில் வீதியைச் சுற்றி ஓடியது. உடுக்கு வேகம் பிடித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து பெரியப்பா விழுந்தடித்து ஓடிவந்தார். எனக்கு உயிர் வந்தது. அவருக்குத்தான் ஊசிக் கதை தெரியுமே. வந்தவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார், "தாயே" என்றார். இத்தனை வருடமும் "இஞ்ச பார்" என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவர் பெரியம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வந்த அம்மனைக் குளிர வைக்க வேண்டுமல்லவா. குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து பெரியம்மாவின் தலையில் ஊற்றினார்கள். ஏற்கெனவே குளிர்ந்துபோய் நின்ற மனுஷியை இன்னும் இன்னும் குளிர்த்தினார்கள். ஊற்ற ஊற்ற நடுக்கம் கூடியது. நடுக்கம் கூடக் கூட அம்மன் உக்கிரமாக நிற்கிறாள் என்று இன்னொரு குடம் வந்தது. இதற்கிடையில் சிலர் கேள்வி கேட்கவும் தொடங்கிவிட்டார்கள். மகனுக்கு வெளிநாடு சரிவருமா என்று ஒருத்தி கேட்டாள். வாய்க்கட்டுக்குள் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அவள் நிலத்தில் விழுந்து கும்பிட்டாள்.

நான் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்து, அவவுக்கு வருத்தம் என்று கத்தினேன். சத்தியத்தையெல்லாம் அந்த நேரம் யார் நினைத்தார்கள். அந்தப் பெண் என் வாயைப் பொத்தி, அம்மாள் நிற்கிற இடத்தில் வருத்தம் என்ற வார்த்தையே வரக்கூடாது என்று அதட்டினார். வேறொருவரிடம் சொன்னேன். அவர் என் தலையில் திருநீறு பூசி விட்டார். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரியம்மா இப்போது செத்துப்போவார், இவர்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அழுகை வந்தது, அழ நேரமில்லை. வேலிக்கு வெளியே தாகசாந்திப் பந்தல் இருந்தது. வருகிற அடியார்களுக்குச் சர்பத் கொடுப்பார்கள். ஓடினேன். சிவப்புச் சர்பத் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். கூட்டம் விடவில்லை. யாரோ ஒருவரின் முழங்கை பட்டு அவ்வளவும் மணலில் கொட்டியது. மறுபடி ஓடினேன். இந்த முறை இனிப்பைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். பந்தலில் நின்ற பெடியன் சிரித்தான். நான் முறைத்த முறைப்பில் சீனிப்பாணிப் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டான்.

கூட்டத்தின் விளிம்பில் வந்து நின்றேன். முதுகுகள்தான் தெரிந்தன. உண்மையைச் சொன்னால் ஒருவரும் வழிவிடமாட்டார்கள் என்பதை அப்போதே கண்டுகொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்கு உரத்த குரலில் சொன்னேன்.

"விலகுங்க. அம்மாள் சர்பத் கேக்கிறா."

வாவித் தண்ணீரைத் தோணி கிழிப்பது மாதிரிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெரியவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பெரியம்மா உரலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். வாய்க்கட்டில் கை வைத்தேன். முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. பின்னால் பெண்கள் ஐயோ என்பது கேட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். உதடு வெளிறிப்போயிருந்தது. விழுங்க முடியாத ஆளுக்கு ஊற்றக்கூடாது என்று மிஸி சொன்னது ஞாபகம் வந்து, கொஞ்சம் மட்டும் வாயில் விட்டு, முழுங்குங்க பெரியம்மா, முழுங்குங்க என்று கன்னத்தைத் தட்டினேன். தொண்டை அசைந்தது. இன்னும் கொஞ்சம். மறுபடி அசைந்தது. கோப்பை முடிவதற்குள் பின்னாலிருந்து நாலைந்து கோப்பைகள் நீண்டன. அம்மாளுக்குச் சர்பத் பிடித்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் பந்தல்வரை போய்விட்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழு நாள். முதலில் நடுக்கம் குறைந்தது. பிறகு கை கொஞ்சம் சூடாகியது. பிறகு கண் என்னிடம் வந்து நின்றது.

"மகள், நான் ஏன் நனைஞ்சு கிடக்கன்?"

அப்போதுதான் நான் அழுதேன்.

கட்டாடியார் வந்தார். எங்கள் கோயில் பூசகரை அப்படித்தான் சொல்வோம். அவருக்குப் பெரியம்மாமேல் நல்ல மதிப்பு. உடுக்கை நிறுத்தச் சொன்னார். தட்டில் திருநீறும் புதிதாக ஒரு வெள்ளைத் துணியும் இருந்தன. பெரியம்மாவின் வாய்க்கட்டை மறுபடி கட்டி உலக்கையைக் கையில் கொடுப்பதற்குத்தான். ஆனால் முறைப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்.

"அம்மாள்தானே வந்தவ?"

 நான் பெரியம்மாவின் மடியில் கிடந்தபடி அவரைப் பார்த்தேன். ஓம், ஆமாம் என்று ஒரு சொல். அதையும் சொல்லத் தேவையில்லை, தலையை ஆட்டினால் போதும். உலக்கை அவருடையது. ஆயுளுக்கும் அவருடையது. அதோடு ஊர் முழுவதும் அவர் காலில் விழக் காத்துக்கொண்டு நின்றது. நான் அவருக்கு விளங்கட்டும் என்று என் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன்.

பெரியம்மா என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். மணலில் கிடந்த வாய்க்கட்டைப் பார்த்தார். கோயில் கதவைப் பார்த்தார். உரலைப் பிடித்து எழுந்து நின்றார். கட்டாடியாரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல. அம்மாள் வரல்ல. எனக்குச் சீனி வருத்தம். காலையில ஊசி போட்டுட்டு ஒண்டும் திண்ணாம வந்தன். இந்தப் புள்ள சர்பத் தந்து என்னக் காப்பாத்தினது. என்ட விரதம் முறிஞ்சிட்டு."

முதலில் ஒருவரும் நம்பவில்லை. அம்மாள்தான் அடக்கமாக ஒளிந்துகொள்கிறாள் என்று ஒருவர் சொன்னார். சீனி வருத்தம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, எங்களில் யார் இப்படி ஆடினோம் என்று இன்னொருவர் வாதாடினார். மகனின் வெளிநாட்டுக்கு "ம்" வாங்கியவள், அப்ப என்ட மகன்ட விசயம் என்னாகிற என்று கேட்டாள். பெரியப்பா கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கட்டாடியார் தட்டோடு நின்றபடி, யோசித்துச் சொல்லும்படி பெரியம்மாவிடம் இன்னொரு தடவை சொன்னார். அவர் தப்பிக்க வழிகாட்டுகிறார் என்பது எனக்கே விளங்கியது.

பெரியம்மா யோசிக்கவில்லை. குனிந்து உலக்கையை எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ச் சின்னம்மாவின் முன்னால் நின்றார்.

"நீ குத்துகா. நெல்லு மிச்சம் கிடக்கு."

வருடக்கணக்காக அந்த நிமிடத்துக்குக் காத்திருந்த சின்னம்மா, அது வந்தபோது வாங்க முடியாமல் அழுதார். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுக்கக் கை வரவில்லை. பெரியம்மாதான் அதை உருவி அவர் வாயைக் கட்டிவிட்டார். நெல்லை மாற்றி, உரலைக் கழுவி, புதிதாகத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குப் போவோம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. பந்தலில் வாங்கிக் கொடுத்த அவலை வேப்பமரத்தின் கீழிருந்து ஒரு பிடியும் விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கடைசிக் குத்து விழும்வரை உரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை, சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூட ஏற்றிய கதையையும் விடாமல் மிஸியிடம் ஒப்புவித்தார். மிஸி இருவரையும் நிறுத்தி வைத்து ஏசினார். அன்றிலிருந்து ஊசிப் பெட்டி அரிசிப் பானையிலிருந்து வெளியே வந்து சாமிப்படத்துக்குக் கீழே குந்தியது. பெரியம்மா இன்றும் இருக்கிறார். சடங்குக்குப் போகிறார், மற்றவர்களோடு நின்று குரவையிடுகிறார். உலக்கை சின்னம்மாவின் மகளிடம் இருக்கிறது.

அந்தச் சடங்கு நாளில் பொழுதுபடுகிற நேரத்தில் வட்டை வரம்பால் வீட்டுக்கு நடந்தோம். பெரியப்பா முன்னால் போனார். எனக்குப் பெரியம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓடி, கொட்டி, மறுபடி ஓடி, பல்லால் முடிச்சவிழ்த்து நான் காப்பாற்றிக் கொடுத்ததையெல்லாம் இவர் ஒரு சொல்லில் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. கேட்டேவிட்டேன். ஓம் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காதே, ஊரே கும்பிட்டதே, ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?

பெரியம்மா நடந்துகொண்டே சொன்னார். "வராத ஆள வந்ததெண்டு நான் எப்பிடி மகள் சொல்லுற? நாளைக்கு மெய்யாவே வந்தா என்ட முகத்தப் பார்ப்பாவா?"

அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா நடந்ததையெல்லாம் கேட்டு அழுது, என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சி முடிந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மன் வந்ததாக ஊர் முழுவதும் நம்பியது. பெரியப்பா நம்பினார். கட்டாடியாரும் நம்பத் தயாராக இருந்தார். இவர் ஒருவர் மட்டும் வரவில்லை என்றார், அதுவும் இரண்டு தடவை கேட்ட பிறகும். யோசிக்க யோசிக்க எனக்கு ஒரேயொரு காரணம்தான் தெரிந்தது. பாயில் படுத்தபடி அம்மாவின் காதுக்குள் அதைச் சொன்னேன்.

"அம்மா, பெரியம்மாக்கு அம்மாளில நம்பிக்கை இல்ல."

அந்த ஊரில் அன்றைக்கு அம்மனை முழுதாக நம்பிய ஒரே ஆளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு, பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியோடு நான் நித்திரையாகிப்போனேன்.